யாழ்ப்பாணத்துக் கால், அவுஸ்திரேலியக் கியர்

ஆடி மாதம் யாழ்ப்பாணத்தில் கூழ் காய்ச்சும் மாதம். மெல்பேர்ணில் அது விரல் விறைக்கும் மாதம். சென்ற ஆண்டு அத்தகையதொரு மாலையில், டண்டினோங்கில் நான் குடியிருக்கும் வீட்டு வாசலுக்கு ஒரு தம்பி தனது மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். 250 சி.சி. கொள்ளளவுடைய பழைய ஜப்பானிய வண்டி. பின்னிருக்கையில் உணவு விநியோகத்துக்கான சதுரப்பெட்டி கட்டப்பட்டிருந்தது. காலில் தொழிற்சாலைச் சப்பாத்து.

“சேர், கியர் விழுகுதில்லை. விழுந்தாலும் அடிச்ச மாதிரிச் சத்தம் போட்டுத்தான் விழுகுது. ஒண்டிலிருந்து இரண்டுக்குப் போகேக்கை நடுவிலை நிண்டுபோகுது” என்றார்.

“கராஜிலை காட்டினீரோ?”

“காட்டினனான். கியர்ப்பெட்டி போட்டுதாம். எஞ்சினைப் பிரிக்க வேணுமாம். ஆயிரத்து நானூறு டொலர் சொல்லுறாங்கள்.”

அந்த வண்டியை அவர் வாங்கிய விலையே ஆயிரத்து எண்ணூறு டொலர்தான். பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாலை ஆறு மணிக்குப் பின்னர் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. கையில் இருப்பது காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படும் இணைப்பு விசா. அதில் வேலை செய்யும் உரிமை இருப்பதே பெரிய காரியமென்று கருதுபவர் அவர். அது இல்லாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஊரிலே தாயாரும் இரு சகோதரிகளும் அவரது இரண்டாவது வேலையின் வருமானத்தை நம்பியிருப்பவர்கள். அந்த இரண்டாவது வேலையோ முழுக்க முழுக்க அந்த வண்டியை நம்பியிருப்பது.

அவர் எனது மாணவரல்லர். ஆயினும், பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் விரிவுரையாற்றிய குற்றத்துக்காக ‘சேர்’ என்ற அழைப்பு கடல் கடந்தும் என்னைத் தொடர்கிறது. நான் கற்பித்த பாடத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எனக்குத் தெரிந்த இயந்திரவியல் எல்லாம் தகப்பனாரின் எம்.டி. 90 வண்டியிலிருந்து வந்தது. அந்த வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் இந்தத் தம்பியின் வண்டிக்கு என்ன நேர்ந்தது என்பது விளங்கும்.

எம்.டி. 90 என்றால் நமது வாசகர்களிற் பலருக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஜப்பானில் தபாற்காரர்களுக்கென்றே ஹொண்டா நிறுவனம் செய்த வண்டி அது, சிவப்பு நிறத்தது. அங்கே தபால் கொடுத்து ஓய்ந்த பின்னர் திருத்தப்பட்டு இலங்கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்திலே ஆசிரியர், விதானையார், பரியாரியார், மீன் வியாபாரி என்று எல்லோருக்கும் பொதுவான வண்டியாயிற்று. 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் வராமற் போயிற்று. வண்டிகள் மண்ணெண்ணெய்க்கு மாறின. சிறு பிளாஸ்ரிக் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலை ‘சூப்பி’யால் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடும் கலை அக்காலச் சிறுவர்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

மண்ணெண்ணெய் எஞ்சினை ஓடவைத்தது. ஆனால் கியரைக் கெடுத்தது. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர் வழியே கசிந்து கீழே ஒயிலுடன் கலக்கும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலே எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் கியர்ப்பெட்டிக்கும் ஒரே ஒயில்தான். அது நீர்த்துப்போனால் மூன்றும் ஒன்றாகத் துன்பப்படும். கியர் மாற்றும்போது ‘கிடுக்’ என்ற சத்தம் கேட்கத் தொடங்கியதும், “ஒயில் தண்ணியாப் போச்சு” என்பார் தகப்பனார். ஒயிற்குச்சியை இழுத்து மோந்து பார்ப்பார். மண்ணெண்ணெய் வாசம் வந்தால் மாற்ற வேண்டும். மாற்றுவதற்குப் புதிய ஒயில் எளிதிற் கிடைக்காது என்பது வேறு கதை.

இன்னொரு நினைவு. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் பெயர்ந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. பின்னிருக்கையில் அம்மம்மா, முன்னே அரிசிப் பை, இடையிலே தகப்பனார். நாங்கள் பக்கத்தில் நடந்தோம். நாவற்குழிப் பக்கமாகப் போகும் வீதியில் மனிதர் நடக்கும் வேகத்திலும் குறைவாகவே வண்டி நகர முடிந்தது. முதலாம் கியரில் அரை அடி, நிறுத்தம், அரை அடி, நிறுத்தம். ஒரு மணி நேரத்துக்குள் எரிந்த வாடை எழுந்தது. தகப்பனார் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளத் தொடங்கினார். “கிளச் எரிஞ்சால் வண்டி இல்லை” என்றார். அம்மம்மா இறங்க மறுத்தபடியால் அவரையும் சேர்த்தே தள்ளினோம். கிளச் என்பது முழுதாகப் பிடிக்க வேண்டும், அல்லது முழுதாக விட வேண்டும், இரண்டுங்கெட்ட நிலையில் நெடுநேரம் நிற்கக்கூடாது என்பதை அந்த மழையிரவில் கற்றேன்.

எம்.டி. 90 வகை வண்டிகளுக்குக் கிளச் உண்டு. ஆனால் கையால் இழுக்கும் கிளச் லீவர் இல்லை. 1958இல் ஹொண்டா வெளியிட்ட ‘சுப்பர் கப்’ என்ற சிறு வண்டியின் வழித்தோன்றல் அது. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தியபடி மறு கையால் மட்டும் ஓட்டத்தக்க வண்டியாக இருக்க வேண்டும் என்பதே அதை உருவாக்கியவர்களின் நோக்கம் என்று சொல்லப்படுகிறது. ஜப்பானிய உணவுக்கடைப் பையன்கள் நூடில்ஸ் கொண்டு திரிந்த காலம் அது. (உணவு விநியோகம் நேற்றுக் கைத்தொலைபேசியுடன் பிறந்த தொழில் என்று எண்ணுவோர் கவனிக்க.) 2017இல் அந்த வண்டிக் குடும்பத்தின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. அதன் கிளச் எஞ்சினின் சுழற்சியினாலேயே இயங்குவது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது கிளச் விட்டிருக்கும். வேகம் கூடும்போது உள்ளேயிருக்கும் பாரங்கள் வெளிநோக்கித் தள்ளப்பட்டுத் தட்டுகளை அழுத்திப் பிடிக்கும். கியர் மாற்றுவதற்குக் காலால் மிதிக்கும்போது, மிதியின் முதற்பகுதி கிளச்சை விடுவிக்கும். அடுத்த பகுதி கியரை மாற்றும். காலை எடுத்தால் கிளச் மீண்டும் பிடிக்கும். கியரைக் கூட்டுவதற்கு முன்விரலால் மிதிக்க வேண்டும்; குறைப்பதற்குக் குதிக்காலால் மிதிக்க வேண்டும். எல்லாம் மிதிதான்; காலால் எதையும் தூக்க வேண்டியதில்லை.

இங்கே நாம் வாங்கும் பெரும்பாலான வண்டிகளின் ஒழுங்கு வேறு. முதலாம் கியர் கீழே. அதற்கு மேலே நியூற்றல். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் காலின் மேற்புறத்தால் லீவரைத் தூக்கி ஏற்ற வேண்டியவை. இடக்கை கிளச்சை இழுக்க வேண்டும், வலக்கை அக்சிலேற்றரைத் தளர்த்த வேண்டும், இடக்கால் தூக்க வேண்டும். மூன்றும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும். கிளச் லீவரில்லாத வண்டியிற் பழகியவர் என்ன செய்கிறார்? கையால் கிளச்சை இழுப்பதை ஓர் உபகாரியமாகக் கருதி அரைகுறையாக இழுக்கிறார். காலோ மிதிக்கவே விரும்புகிறது. தூக்குவதற்கு அதற்கு மனமில்லை.

இந்தத் தம்பியும் பருத்தித்துறைப் பக்கத்தில் மாமனாரின் எம்.டி. 90இல் பழகியவர்தான். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி விளங்கிற்று. ஆனால் கால் மட்டும் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. வண்டியையும் விசாரிக்க வேண்டும்.

கியர்ப்பெட்டியைப் பற்றி நம்மவரிடையே நிலவும் ஒரு தவறான எண்ணத்தை இங்கே தெளிவுபடுத்துவது நன்று. கியர் மாற்றும்போது ஒரு பற்சில்லு மற்றொரு பற்சில்லைத் தேடிப்போய்ப் பல்லோடு பல் கோத்துக்கொள்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். இக்கால மோட்டார் சைக்கிள்களில் அப்படியன்று. எல்லாச் சோடிப் பற்சில்லுகளும் எப்போதும் கோத்தபடியே சுழல்கின்றன. ஒவ்வொரு சோடியிலும் ஒரு சில்லு தண்டுடன் பிணைந்திருக்கும். மற்றையது தண்டின்மேல் வெறுமனே சுழலும். கியர் மாற்றுவது என்பது வெறுமனே சுழலும் சில்லொன்றைத் தண்டுடன் பிணைப்பதுதான். சில்லின் பக்கவாட்டில் தடித்த கட்டைகள் துருத்திநிற்கும். அடுத்த சில்லின் கட்டைகள் அவற்றினிடையே புகுந்துகொண்டால் பிணைப்பு ஏற்பட்டுவிடும். சில்லைப் பக்கமாக நகர்த்துவது ஒரு கவை. கவையை நகர்த்துவது தவாளிப்புகள் வெட்டப்பட்ட ஓர் உருளை. உருளையைத் திருப்புவது நமது கால்.

புகவேண்டிய கட்டைகளின் சுழற்சி வேகங்கள் பெரிதும் வேறுபட்டிருந்தால் அவை மோதும். அதுவே நாம் கேட்கும் ‘கிடுக்’. கிளச் முழுதாக விடாமல் எஞ்சினின் விசை உள்ளே பாய்ந்துகொண்டேயிருந்தால், ஏற்கெனவே பிணைந்திருக்கும் கட்டைகள் இறுகிக் கிடக்கும். கழன்று வர மறுக்கும். அப்போது கால் எவ்வளவு பலமாக உதைத்தாலும் கியர் விழாது, அல்லது அடித்துக்கொண்டு விழும். ஆகவே கரடுமுரடான கியர் என்பதன் காரணம் பெரும்பாலும் கியர்ப்பெட்டிக்கு வெளியிலேயே இருக்கிறது. கையிலும் கம்பியிலும் ஒயிலிலும் காலிலும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குப் போக வேண்டும். வெளியே தேடுவதற்கு ஒரு மாலைப்பொழுதும் சில டொலர்களும் போதும். உள்ளே தேடுவதற்கு எஞ்சினைப் பிளக்க வேண்டும்; பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில் கியர்ப்பெட்டி எஞ்சினின் அதே கூட்டுக்குள் இருப்பதால் கூலி ஏறிவிடுகிறது. கராஜ்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. மணிக்கணக்கிற் கூலி வாங்குபவருக்கு ஒவ்வொன்றாகத் தேடுவது கட்டுபடியாகாது என்பதும் உண்மை.

அன்று மாலை நாங்கள் தேடினோம். முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியை மெல்ல முன்னும் பின்னும் உருட்டியபடி கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஐந்தும் விழுந்தன, சத்தமும் இல்லை. அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, கிளச்சை இறுக இழுத்துக்கொண்டு முதலாம் கியரில் போட்டேன். வண்டி மெல்ல முன்னோக்கி ஊர்ந்தது. எஞ்சின் நின்றிருக்கையில் சுகமாக மாறும் கியர், ஓடுகையில் அடம்பிடிக்குமானால், கிளச் முழுதாக விடவில்லை என்பதே முதற் சந்தேகமாக இருக்க வேண்டும். ஊர்தல் அதை உறுதிப்படுத்தியது.

கிளச் லீவரின் நுனியைத் தொட்டுப் பார்த்தால், விரலுக்கு எதிர்ப்பு வருமுன் அது மூன்று விரல் அகலத்துக்குச் சும்மா ஆடிற்று. பல ஜப்பானிய வண்டிகளின் கைநூல்கள் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரையான ஆட்டம் இருக்கலாம் என்கின்றன. அதைவிடக் கூடினால் கை முழுதாக இழுத்தாலும் கிளச் பாதிதான் விடும். முற்றாக இல்லாமற் போனாலோ கிளச் முழுதாகப் பிடிக்காது. தட்டுகள் வழுக்கித் தேயும். கம்பி காலப்போக்கில் நீளும். அதற்கென்றே லீவரின் அருகில் ஒரு திருகும், கீழே எஞ்சின் பக்கத்தில் இன்னொரு திருகும் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சரிசெய்தோம். கம்பியின் மேல்முனையில் ஓரிரு இழைகள் அறுந்திருந்தன. புதுக் கம்பி ஒன்றை அடுத்த நாள் வாங்கும்படி சொன்னேன். அறுந்துகொண்டிருக்கும் கிளச் வயர் ஒரு நாள் நடுவீதியிலேதான் முற்றாக அறும்.

அடுத்தது ஒயில். கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டேன். தம்பி சிரித்தார். வாங்கிய நாளிலிருந்து மாற்றியதில்லை என்பது அந்தச் சிரிப்பின் பொருள். கறுத்து நீர்த்த ஒயில் கியரைக் கரடாக்கும் என்பது ஒருபுறம். எந்த ஒயிலைப் போடுவது என்பது மறுபுறம். சிட்னியில் பென்டில் ஹில்லில் வசிக்கும் நண்பரொருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் இதே முறைப்பாட்டுடன் தொலைபேசியில் அழைத்தார். காருக்கு வாங்கியதில் மீந்த ஒயிலை மோட்டார் சைக்கிளுக்கு விட்டிருந்தார். கியரும் சரியாகவில்லை, அத்துடன் புதிய வியாதியொன்றும் சேர்ந்துகொண்டது. எஞ்சின் இரைகிறது, வண்டி ஓடவில்லை என்றார். எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காகச் சில கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இடப்படுகின்றன. காரின் கிளச் ஒயிலில் நனைவதில்லை. ஆகவே அங்கே பாதகமில்லை. மோட்டார் சைக்கிளின் கிளச்சோ பெரும்பாலும் அதே ஒயிலுக்குள் மூழ்கியிருப்பது. உராய்வினால் வாழும் ஓர் உறுப்பை உராய்வு குறைக்கும் திரவத்தில் ஊறவைத்தால் அது வழுக்காமல் என்ன செய்யும்?

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே ஜப்பானிய வாகனத் தொழில்துறையினர் 1998இல் ‘ஜாசோ’ என்ற தரக்குறியை மோட்டார் சைக்கிள் ஒயில்களுக்கெனக் கொண்டுவந்தனர். போத்தலின் பின்புறத்தில் ‘எம்.ஏ.’ என்ற இரு எழுத்துகளைத் தேட வேண்டும். நனைந்த கிளச்சுக்கு ஏற்றது என்பது அதன் பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் வேண்டாம். அது கிளச் ஒயிலில் நனையாத ஸ்கூட்டர் வகைகளுக்குரியது. விரிவுரையாளனாக இருந்த எனக்கு எம்.ஏ. என்ற எழுத்துகளின்மேல் ஒருவித மரியாதை உண்டு. அவற்றால் எனக்கு இந்த நாட்டில் உருப்படியான பயன் கிடைத்தது இந்த ஒயில் விடயத்தில் மட்டுமே.

மெல்பேர்ணின் குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்காலக் காலையில் முதலாம் கியர் ‘டொக்’ என்று விழுவதைக் கேட்டுப் பலர் அஞ்சுகிறார்கள். இரவெல்லாம் குளிர்ந்த ஒயில் தடித்து, கிளச் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. எஞ்சினை எழுப்புமுன் கிளச்சை இழுத்தபடி கியரில் வைத்து வண்டியை ஓரிரு முறை முன்னும் பின்னும் அசைத்தால் தட்டுகள் பிரிந்துவிடும். சில நிமிடங்கள் ஓடி ஒயில் சூடேறியதும் அந்தச் சத்தம் தணியுமானால் அது நோயன்று.

செயினையும் பார்த்தோம். அளவுக்கு மிஞ்சித் தொய்ந்திருந்தது. தொய்ந்த செயின் ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் ஒருமுறை சொடுக்கும். அந்தச் சொடுக்கைக் கியர்ப்பெட்டியின் சத்தமென்று எண்ணுவது எளிது. அதை அவரே இறுக்கினார். ஆனால் மிகையாக இறுக்கிவிட்டார், மீண்டும் தளர்த்தினோம்.

இவ்வளவும் முடிந்து அவரை வீதியில் ஓட்டிக் காட்டும்படி சொன்னபோதுதான் உண்மையான குற்றவாளி அகப்பட்டது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றும்போது அவரது கால் லீவரின் கீழே புகவேயில்லை. தொழிற்சாலையில் பாரம் விழுந்தால் விரல்கள் நசியாமலிருப்பதற்காக முனையில் உருக்குக் கவசம் வைத்த சப்பாத்து அது. பகல்வேலை முடிந்ததும் அதே சப்பாத்துடன் இரவுவேலைக்குப் புறப்படுகிறார்; மாற்றுவதற்கு நேரம் எங்கே? அந்தப் பருத்த முனை லீவருக்கும் கால்மிதிக்கும் இடையே நுழைய இடமில்லாததால், சப்பாத்தின் ஓரத்தால் லீவரை ஒருவாறு தட்டிவிடுகிறார். லீவர் பாதி தூரம் போகிறது. உள்ளே உருளை பாதிதான் திரும்புகிறது. கட்டைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டுப் பின்வாங்குகின்றன. வண்டி ஒன்றிலும் இல்லை, இரண்டிலும் இல்லை.

லீவர் பொருத்தப்பட்டிருக்கும் தண்டில் நுண்ணிய பல்வரிகள் உண்டு. ஒரு போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கழற்றி, ஒரு பல்வரி மேலே தள்ளிப் பூட்டினால் லீவர் உயர்ந்துவிடும். ஐந்து நிமிட வேலை. செய்தோம். சப்பாத்து புகுந்தது.

காலுக்கும் பாடம் நடத்தினேன். “மெதுவாப் போட்டால்தானே சேர் வண்டிக்கு நல்லது?” என்று கேட்டார். நம்மவர் பலரிடம் உள்ள எண்ணம் இது. கியரைப் பயந்து பயந்து மெல்ல ஏற்றுவது வண்டிக்குச் செய்யும் உபகாரமன்று. கட்டைகளின் விளிம்புகள் ஒன்றன்மேலொன்று உரசும் நேரம் கூடுகிறது, விளிம்புகள் மழுங்குகின்றன, பின்னர் ஒரு நாள் கியர் தானாகவே கழன்று விழத் தொடங்குகிறது. அக்சிலேற்றரைத் தளர்த்தி, கிளச்சை முழுதாக இழுத்து, லீவரை அதன் எல்லைவரை தயக்கமின்றித் தூக்கி, கிளச்சை விடும்வரை காலை அங்கேயே வைத்திருக்க வேண்டும். உதைப்பதும் வேண்டாம், தடவுவதும் வேண்டாம். ஓட்டத்தில் லீவரின்மேல் காலைச் சும்மா வைத்திருக்கும் பழக்கமும் ஆகாது. அந்தச் சிறு பாரம்கூடக் கவையை இடைவிடாது ஒரு பக்கம் தள்ளித் தேய்க்கும்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் பணம் மட்டுமன்று. இரண்டு கியர்களுக்கு இடையிலே வண்டி அகப்பட்டு நிற்கும் அந்தப் பொய் நியூற்றல் எங்கே நிகழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பச்சை விளக்கு விழுந்து புறப்படும்போது. அதாவது சந்தியின் நடுவில். மெல்பேர்ண் நகர மையத்தில் பல சந்திகளில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் இடப்பக்க ஓரத்தில் முன்னே போய் நின்று, குறுக்குத் தெருவின் விளக்கு மாறியதும் எல்லாருக்கும் முன்னால் கடந்து செல்ல வேண்டும். ட்ராமுக்கு வழிவிடுவதற்காக வந்த விதி இது. அங்கே ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறும்போது வண்டி விசையிழந்து, எஞ்சின் மட்டும் வீணே அலறுமானால், அடியில் ஈரமான ட்ராம் தண்டவாளம், பின்னால் புறப்பட்டுவிட்ட வாகனங்கள். 2020 செப்டெம்பருக்கும் நவம்பருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டு மாதங்களில் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் உணவு விநியோகம் செய்த ஐவர் வீதியில் இறந்தனர். பிறநாடுகளிலிருந்து வந்து இங்கே உழைத்தவர்களின் மரணம் அன்று பத்திரிகைகளின் முன்பக்கத்துக்கு வந்தது. நியூ சவுத் வேல்ஸ் அரசு அதை ஆராயக் குழுவொன்றை அமைத்தது. அம்மரணங்களில் எதற்கும் கியர் காரணமென்று நான் கூறவில்லை. ஆனால் ஒரு கணம் பிந்தினால் உயிர் போகக்கூடிய இடத்தில் இந்தத் தொழில் நடைபெறுகிறது. அந்தக் கணத்தைத் திருடும் வண்டியைச் ‘சமாளித்து’ ஓட்டுவது வீரமாகாது. தம்பி மூன்று மாதம் அப்படித்தான் சமாளித்திருந்தார்.

புதுக் கம்பியும் புது ஒயிலும் போட்டபின் வண்டி பெரிதும் அடங்கிவிட்டது. செலவு நூறு டொலருக்கும் குறைவு. இத்துடன் கதையை முடித்துவிட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். கியர் இப்போது இலகுவாக விழுகிறது, சத்தமில்லை, ஆனால் மேட்டில் அக்சிலேற்றரை முறுக்கும்போது இரண்டாம் கியர் மட்டும் சில வேளைகளில் தானாகவே கழன்றுவிடுகிறது என்றார். ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். மற்றெல்லாக் கியர்களும் நல்லவையாயிருக்க ஒரேயொரு கியர் பாரம் ஏறும்போது கழலுமானால், கம்பியையும் ஒயிலையும் காலையும் இனிக் குறைசொல்ல முடியாது. அந்தச் சில்லின் கட்டைகள் மழுங்கிவிட்டன, அல்லது கவை வளைந்துவிட்டது. எத்தனையோ கைகள் மாறி வந்த வண்டி, யார் மழுக்கினார்களோ! மூன்று மாதச் சமாளிப்பும் தன் பங்கைச் செய்திருக்கும். கராஜ்காரரின் முடிவு அவ்வளவில் சரியானதே என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயிரத்து நானூறு டொலர் செலவழித்து அதைப் பிளப்பதில் அர்த்தமில்லை. தெரிந்துகொண்டு அதை ஓட்டுவதிலும் அர்த்தமில்லை. குறையை மறைக்காமல் சொல்லி, உதிரிப்பாகங்களுக்காக வாங்கும் ஒருவரிடம் விற்றார். கிடைத்தது சொற்பம்.

பதிலுக்கு என்ன வாங்குவது என்ற ஆலோசனை எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இரண்டு இரவுகள் நடந்தது. புதியது வாங்க வசதியில்லை. தானியங்கி ஸ்கூட்டர் வாங்கலாம் என்றார் என் துணைவியார், நியாயமான யோசனைதான். அப்போதுதான் எனக்கு இந்த நாட்டின் தபாற்காரர் நினைவுக்கு வந்தார். அவுஸ்திரேலியத் தபால் சேவை பல தசாப்தங்களாகத் தனது ஊழியர்களுக்கு ஹொண்டாவின் ‘சி.ரி. 110’ என்ற சிவப்பு வண்டியைக் கொடுத்து வந்தது. 105 சி.சி., நான்கு கியர், கிளச் லீவர் இல்லை, சுழற்சியால் இயங்கும் கிளச். பின்னர் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு 110 வந்தது; இப்போது மின்சார முச்சக்கர வண்டிகளும் வீதியில் திரிகின்றன. ஓடி ஓய்ந்த தபால் வண்டிகள் ஏலத்துக்கு வந்து, கைமாறி, நாடெங்கும் பரவிக் கிடக்கின்றன. உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சமில்லை. விரைவுப்பாதைக்கு அது உதவாது. மொனாஷில் ஏறினால் பார வாகனங்கள் பின்னால் வந்து நெருக்கும். ஆனால் டண்டினோங்கிலிருந்து ஸ்பிறிங்வேல்வரை பிரின்சஸ் நெடுஞ்சாலையிலும் உட்தெருக்களிலும் உணவு கொடுப்பவருக்கு அதைவிட வேகம் வேண்டியதில்லை.

அத்தகைய ஒன்று அகப்பட்டது. தம்பி முதன்முதலாக அதில் ஏறி, எவரும் சொல்லிக்கொடுக்காமலே முன்விரலால் மிதித்தார். கியர் விழுந்தது. “எங்கடை எம்.டி. மாதிரியே கிடக்கு, சேர்!” ஜப்பானியத் தபாற்காரர் விட்ட வண்டியில் பழகிய கால், அவுஸ்திரேலியத் தபாற்காரர் விட்ட வண்டியை உடனே அறிந்துகொண்டது.

அதிலும் கியர் சற்றுக் கடினமாகவே இருந்தது. ஆனால் இந்த முறை எங்கே பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தகப்பனார் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சினின் வலப்பக்க மூடியிலே ஒரு திருகாணியும், அதைப் பூட்டிவைக்கும் நட்டும் இருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு நட்டைத் தளர்த்த வேண்டும். திருகாணியை வலஞ்சுழியாக ஒரு சுற்றுத் திருப்ப வேண்டும். அதற்கு மேல் திருப்பக்கூடாது. பின்னர் இடஞ்சுழியாக மெல்லத் திருப்பிக்கொண்டே வர, ஓரிடத்தில் விரலுக்கு எதிர்ப்புத் தட்டும். அங்கிருந்து வலஞ்சுழியாக அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு. திருகாணி அசையாதபடி பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கிவிட வேண்டும். கிளச் வயர் உள்ள வண்டியில் லீவரின் ஆட்டத்தைச் சரிசெய்வது எதுவோ, இந்த வண்டியில் அதுதான் இது.

தம்பி திருகினார். நான் டோர்ச் பிடித்தேன். தபாற்பைகள் தொங்கிய பின்சட்டத்தில் உணவுப்பெட்டியைப் பூட்டுவதற்கு நான்கு போல்ட்டுகள் தேவைப்பட்டன. என்னிடம் மூன்றுதான் இருந்தன. நாலாவதை வாங்கிவர அவர் அந்த வண்டியிலேயே புறப்பட்டுப் போனார்.